ஓட்டக்காரனுக்கு மூட்டை எதற்கு?

ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் வசதி உள்ளவர்கள் யாரும் நான் எழுதுவதைப் படிப்பதில்லை. நானும் வாங்கப் போவதில்லை. ஆனால் வேடிக்கை பார்க்கக் காசு வேண்டாமே! யூடியூப் வந்த பிறகு ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயப் பாதை என் வீட்டு ஹாலுக்கே வந்துவிட்டது.

பேரன் சொல்கிறான்: "தாத்தா, இனிமே எல்லாம் எலக்ட்ரிக்தான். இன்ஜின் சத்தமும் பெட்ரோல் வாசனையும் போயிடுமேன்னு உங்களுக்கு வருத்தம். அதனாலதான் பெட்ரோலும் மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட்தான் நல்லதுன்னு சொல்றீங்க."

நியாயமான சந்தேகம்தான். முப்பது வருஷம் பஸ் பணிமனையில் டீசல் புகையோடு இருந்தவனுக்கு அந்தப் பாசம் இல்லை என்றால் யார் நம்புவார்கள்? அதனால் சத்தம், வாசனை இரண்டையும் ஒதுக்கிவிட்டு, எடையை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

டவுன் பஸ்ஸுக்கு மின்சாரம்தான் சரி. தெரிந்த வழி, தெரிந்த தூரம், ராத்திரி டிப்போவில் சார்ஜ். ஆனால் ஸ்போர்ட்ஸ் காரின் வேலை வேறு. வளைவில் வேகம் குறையாமல் திரும்ப வேண்டும், கடைசி நொடியில் பிரேக் பிடிக்க வேண்டும், உடனே மறுபடி பாய வேண்டும். இந்த மூன்றுக்குமே எடைதான் எதிரி. லோடு ஏற்றிய வண்டியில் டயரும் பிரேக் லைனிங்கும் என்ன பாடுபடும் என்பதை எந்தப் பணிமனைக்காரரும் சொல்வார்.

ஒரு கிலோ பெட்ரோலில் சுமார் 12 யூனிட் சக்தி இருக்கிறது. கரண்ட் பில்லில் வருகிற அதே யூனிட்தான். மின்சாரக் காரின் பேட்டரியில் கிலோவுக்குக் கால் யூனிட்கூடத் தேறாது. இன்ஜின் முக்கால்வாசியை வெப்பமாக வீணடிக்கிறது, மோட்டார் அப்படிச் செய்வதில்லை. அதைக் கழித்துப் பார்த்தாலும் பெட்ரோல் பத்து மடங்குக்கு மேல் முன்னால் நிற்கிறது. ஓட ஓட பெட்ரோல் எடை குறையும். பேட்டரி காலியானாலும் அதே எடைதான்.

2008-இல் வந்த டெஸ்லா ரோட்ஸ்டரைப் பாருங்கள். லோட்டஸ் எலீஸ் என்ற சிறிய பிரிட்டிஷ் காரை அடிப்படையாகக் கொண்டது. எலீஸ் சுமார் 900 கிலோ. ரோட்ஸ்டரில் பேட்டரி மட்டுமே சுமார் 450 கிலோ!

இந்தச் சிக்கல் புதிதும் அல்ல. ஃபெர்டினாண்ட் போர்ஷே 1900-இல் சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் வைத்து மின்சாரக் கார் செய்தார். ஈய பேட்டரி 400 கிலோவைத் தாண்டியது. அடுத்து அவரே பேட்டரியைச் சிறிதாக்கி, மின்சாரம் தயாரிக்கப் பெட்ரோல் இன்ஜின்களை ஏற்றினார். ஹைப்ரிட் அப்போதே பிறந்துவிட்டது.

அவர் பெயரிலுள்ள கம்பெனி 2024-இல் 911 கரேரா ஜிடிஎஸ் காரை ஹைப்ரிட் ஆக்கியது. பேட்டரி 2 யூனிட்டுக்கும் குறைவு, சாதாரணக் கார் பேட்டரி அளவுதான். மொத்தத்தில் கூடிய எடை சுமார் 50 கிலோ. டர்போ வண்டியில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஒரு கணம் தாமதித்துத்தான் பாயும். இதில் டர்போவுக்குள் இருக்கும் மோட்டார், புகை வரும்வரை காத்திராமல் அதைச் சுழற்றிவிடுகிறது. நூர்பர்க்ரிங்கில் முந்தைய மாடலைவிட 8.7 விநாடி வேகம்: 7 நிமிஷம் 16 விநாடி.

பேரன் விடவில்லை. போர்ஷேயின் மின்சார டைகான் டர்போ ஜிடி 7 நிமிஷம் 7 விநாடியில் சுற்றியதை எடுத்துக் காட்டினான். உண்மைதான். ஆனால் அதற்கு 1,000 குதிரைத் திறனுக்கு மேல் தேவைப்பட்டது. எடை 2,200 கிலோ. 911-க்கு ஏறக்குறைய பாதித் திறன், எடை சுமார் 1,600 கிலோ. ஒரு சுற்றுக்கு மின்சாரக் கார் வேகம்தான். நாள் முழுக்க ஓடச் சொன்னால்? பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் 2012 முதல் 2025 வரை முதலிடம் பிடித்தவை எல்லாமே ஹைப்ரிட். அதில் பந்தய விதிகளுக்கும் பங்கு உண்டு என்றாலும், மாறி மாறி ஜெயித்த ஆடி, போர்ஷே, டொயோட்டா, ஃபெராரி எல்லாரும் இந்த வழியில்தான் போனார்கள்.

அதற்காக ஹைப்ரிட் என்று பெயர் வைத்தால் போதும் என்று அர்த்தமில்லை. 2024-இன் பிஎம்டபிள்யூ எம்5-உம் ஹைப்ரிட்தான். மின்சாரத்திலேயே அறுபது எழுபது கிலோமீட்டர் ஓட வேண்டும் என்று பெரிய பேட்டரி வைத்தார்கள். எடை 2,400 கிலோவைத் தாண்டிவிட்டது, முந்தைய மாடலைவிட 400 கிலோவுக்கு மேல் அதிகம். இரண்டு பக்கத்துப் பாரத்தையும் ஒரே ஆள் சுமந்தால் இப்படித்தான்.

ஆகவே என் தீர்ப்பு இது: ஸ்போர்ட்ஸ் காருக்கு ஹைப்ரிட் பொருந்தும், பேட்டரி சிறியதாக இருக்கும்வரை. மோட்டார் இன்ஜினுக்குக் கைகொடுக்க வேண்டும், அதன் தலையில் ஏறி உட்காரக் கூடாது. நாளைக்கே பேட்டரியின் எடை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தால் இந்தக் கணக்கு மாறும். அன்று மின்சாரக் காருக்கே என் ஓட்டு. சத்தம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எனக்கும் இப்போது காது அவ்வளவாகக் கேட்பதில்லை.