மாக்குலாவின் பிள்ளைகள்

ஆங்கில நாளிதழ்களின் பழைய கார் விளம்பரங்களில் அடிக்கடி தலைகாட்டும் சொல் 'இம்மாகுலேட்'. வண்டி இரண்டு கை மாறியிருக்கும், லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கும். ஆனாலும் 'இம்மாகுலேட் கண்டிஷன்'. மாசு மறுவற்றதாம். கிரிக்கெட் வர்ணனையாளர்களுக்கும் இது செல்லச் சொல். கிளென் மெக்ராத் ஆடிய காலத்தில் அவர் பந்தை எடுத்தால் லைன் அண்ட் லெங்த் இம்மாகுலேட்டாகத்தான் இருந்தது. சலவைச் சட்டை, கையெழுத்து, சமையலறை, வருமான வரிக் கணக்கு, ஒருவர் சரியான நேரத்தில் வந்து நிற்பது என எல்லாவற்றுக்கும் இது ஒத்துப்போகிறது. இவ்வளவு வேலை பார்க்கும் சொல்லுக்கு ஊர் எது என்று தேடப் போனேன்.

முன்னால் இருக்கும் எதிர்மறை ஒட்டைக் கழற்றினால் உள்ளே உட்கார்ந்திருப்பது கறை. லத்தீனில் 'மாக்குலா' என்றால் கறை, புள்ளி. வலையின் கண்ணுக்கும் அதே பெயர்தான். தூரத்திலிருந்து பார்த்தால் வலைக்கண்களும் புள்ளி புள்ளியாகத்தானே தெரியும். அந்த வலைக்கண் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, இரும்பு வளையங்களைக் கோத்துப் பின்னிய 'மெயில்' என்னும் போர்க்கவசமானது. (தபால் 'மெயில்' வேறு குடும்பம். அது பையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது.) கோர்சிகா தீவின் மலைச்சரிவுகளில் திட்டுத்திட்டாக அடர்ந்த புதர்க்காட்டுக்கு அங்கே 'மாக்கியா' என்று பெயர். பிரெஞ்சுக்காரர்கள் அதை 'மாக்கி' ஆக்கினார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியருக்கு எதிராகக் காடுமேடுகளில் ஒளிந்து போராடியவர்களுக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. காபிக் கடைப் பலகையில் 'மாக்கியாட்டோ' என்று பார்க்கிறோமே, அதுவும் இந்த வம்சம்தான்: பால் துளி விழுந்து கறைபட்ட எஸ்பிரெஸோ.

இந்தப் பிள்ளைகளில் எனக்குப் பிடித்தது கண்ணுக்குள் இருக்கிறது. விழித்திரையின் நடுவே, சுமார் 5 மில்லிமீட்டர் அகலத்தில் மஞ்சள் நிறத் திட்டு ஒன்று உண்டு. கண் மருத்துவர்கள் 'மேக்குலா' என்பது அதைத்தான். எழுத்தைப் படிக்கவும் முகத்தை அடையாளம் காணவும் உதவும் கூர்மையான பார்வை அங்கேதான் கிடைக்கிறது. வயதான காலத்தில் அது சிதைந்தால் பக்கவாட்டில் தெரியும், நேரே பார்ப்பது மங்கும். சொல்லின்படி பார்த்தால், கண் மட்டும் இம்மாகுலேட்டாக இருக்கவே கூடாது.

இத்தனை கறைகளுக்கு நடுவே, கறையற்றதைக் குறிக்கும் சொல்லை வளர்த்துப் பரப்பியது திருச்சபை. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் ஜெரோம் முன்னின்று உருவாக்கிய லத்தீன் விவிலியத்தில், பலிக்குரிய பழுதற்ற ஆட்டுக்குட்டிக்கு இந்த அடைமொழி வருகிறது. சங்கீதங்களில் மிக நீளமானது தொடங்குவதும் குற்றமற்றவர்களை இதே சொல்லால் வாழ்த்தித்தான். பிறகு வந்தது மரியாள் பற்றிய விவாதம். இயேசு ஆணின் துணையின்றிக் கருவானதைக் குறிக்கும் தொடர் என்றே பலரும் 'இம்மாகுலேட் கன்சப்ஷன்' என்பதைப் புரிந்துகொள்கிறார்கள். அது மரியாளே தன் தாயின் வயிற்றில் பிறவிப் பாவம் இல்லாமல் கருவானதைக் குறிப்பது. இதை இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் ஏற்கவில்லை: எல்லாருக்கும் மீட்பு தேவை, மரியாளுக்குப் பாவமே இல்லையென்றால் மீட்பு எதற்கு? 1308இல் மறைந்த டன்ஸ் ஸ்கோட்டஸ் சாமர்த்தியமாகப் பதில் சொன்னார்: அழுக்கான பின் கழுவுவதைவிட, அழுக்குப் படாமலே முன்கூட்டிக் காப்பது இன்னும் பெரிய மீட்பு. 1854 டிசம்பர் 8 அன்று போப் ஒன்பதாம் பயஸ் இதைக் கோட்பாடாக அறிவித்தார். நான்கே வருடத்தில், லூர்து நகரில், பெர்னதெத் என்ற ஏழைச் சிறுமி குகையில் கண்ட பெண்மணி தன் பெயராகச் சொன்னது இதே தொடரைத்தான். அர்த்தம் தெரியாததால், மறந்துவிடாமல் இருக்க வழியெல்லாம் அதை முணுமுணுத்துக்கொண்டே பங்குச் சாமியாரிடம் ஓடினாளாம்.

ஸ்கோட்டஸின் கணக்கை விளம்பரத்துக்குப் பொருத்திப் பார்த்தேன். டிங்கரிங் செய்து பெயின்ட் அடித்த கார், எவ்வளவு பளபளத்தாலும், இம்மாகுலேட் ஆகாது!

நம்மூர்க் கத்தோலிக்கர் 'இம்மாகுலேட் கன்சப்ஷன்' என்பதை 'அமலோற்பவம்' என்றார்கள். அமலம் என்பது மலமின்மை. மலம் என்றவுடன் ஆணவம், கன்மம், மாயை என்று எண்ணும் சைவ சித்தாந்த மண்ணில் அந்தச் சொல் சட்டென்று வேர் பிடித்திருக்கும். புதுச்சேரியில் 1791இல் கட்டி முடித்த, மக்கள் 'சம்பா கோயில்' என்று அழைக்கும் பேராலயம் அமலோற்பவ அன்னைக்கு உரியது. ரோமின் அறிவிப்புக்கு அறுபது வருடம் முந்தியது. அமலா, அமலோற்பவம் என்ற பெயர்களோடு இம்மாகுலேட் என்றே பெயர் வைத்துக்கொண்ட பெண்களும் தமிழகத்தில் உண்டு.

ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் வரலாறு தலைகீழ். பொதுவாகச் சொற்கள் கண்ணால் காணும் பொருளிலிருந்து மனதுக்கு ஏறும். இது 15ஆம் நூற்றாண்டில் ஆன்மாவின் தூய்மையைக் குறித்து ஆங்கிலத்துக்குள் வந்து, 18ஆம் நூற்றாண்டில்தான் துணிமணிக்கு இறங்கியது. இடையில் ஷேக்ஸ்பியர் 'லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்' நாடகத்தில் இதை வைத்து விளையாடியிருக்கிறார். ஆர்மாடோ என்ற பகட்டுக்காரன் தன் காதலியின் வெள்ளையும் சிவப்புமான நிறத்தை இம்மாகுலேட் என்று புகழ, எடுபிடிப் பையன் மாத் முன்னொட்டை உருவி 'மாகுலேட்' என்று மடக்குகிறான்.

பையனின் அந்தச் சொல் இன்று பேச்சில் இல்லை. 'இம்மாகுலேட்' மட்டும் ஓடுகிறது. ஆனால் பூர்வீகம் அதன் போக்கைக் கட்டுப்படுத்துகிறது என்று நினைக்கிறேன். ஆள் படாத காட்டையோ கடற்கரையையோ இப்படிச் சொன்னால் காதுக்கு உறுத்தும். அதற்கு 'பிரிஸ்டீன்' இருக்கிறது. லத்தீனில் 'முன்பிருந்த' என்று பொருள்பட்ட சொல்லின் வாரிசு. கறை படக்கூடிய இடத்தில், யாரோ கவனமாக இருந்து படாமல் பார்த்துக்கொண்டதற்குத்தான் இம்மாகுலேட். வெள்ளைச் சட்டைக்குப் பொருந்தும், வெண்பனிக்குப் பொருந்தாது.

அமெரிக்கர்கள் இதை விளையாட்டுக்கும் கொண்டுபோனார்கள். பேஸ்பாலில் ஒன்பதே பந்தில் மூவரையும் ஸ்டிரைக் அவுட் செய்தால் 'இம்மாகுலேட் இன்னிங்'. 1972 டிசம்பர் 23 அன்று பிட்ஸ்பர்க்கில், அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் ஒன்று முடியச் சில நொடிகளே இருந்தபோது, யார்மீதோ மோதித் தெறித்த பந்தைத் தரைக்கு அருகில் பிடித்துக்கொண்டு ஓடி வென்றார் பிராங்கோ ஹாரிஸ். மரியாளின் திருநாள் பெயரைத் திருப்பிப்போட்டு அதற்கு 'இம்மாகுலேட் ரிசப்ஷன்' என்று பெயர் வைத்தார்கள். பந்து முதலில் யார்மீது பட்டது, தரையைத் தொட்டதா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.