ஒரே வீடு, இரண்டு வாசல்

சென்ற கோடை விடுமுறையில் என் பெரியம்மா திருநெல்வேலியிலிருந்து ஆண்டாப் ஹில்லில் உள்ள எங்கள் வீட்டிற்கு வந்து சேர்ந்தார்கள். ஊர் பார்க்க அன்று. பரேலிலுள்ள டாடா நினைவு மருத்துவமனையில் சிகிச்சை பெறுவதற்காக. 1941-இல் திறக்கப்பட்ட அம்மருத்துவமனையின் எதிரே நடைபாதையில் படுத்திருப்போரைக் கண்டவர்கள், பம்பாயில் ஓர் உறவினர் வீடு இருப்பது எத்துணைப் பெரும் பேறு என்பதை அறிவர். எங்கள் வீடோ இரண்டே அறை.

ஓரிரவு பெரியம்மா கேட்டார்கள்: “ஏ ஐயா, நீ உசிரப் பத்திதான படிக்கே? எனக்கு இன்னும் எத்தன வருசம்னு ஒன் புஸ்தகத்துல போட்டிருக்கா?”

எனக்கு நா எழவில்லை. என் மேசைமேல் அப்போது கிடந்ததும் அதே கேள்வியைப் பற்றிய கட்டுரைதான்! சிங்கப்பூர் ஜீனோம் நிலையத்தார் முன்னின்று நடத்திய ஆராய்ச்சி அது; 2019-இல் ‘செல்’ இதழில் வெளிவந்தது.

அறிவியல் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், நண்பர்களே. ‘இங்கிருந்து படிக்கத் தொடங்கு’ என்று உயிரணுவுக்குக் காட்டும் இடம் ஒன்று ஜீனின் முகப்பில் உண்டு. அதுவே புரொமோட்டர், வாசல் என்று வைத்துக்கொள்வோம். பல ஜீன்களுக்கு வாசல் ஒன்றன்று. டிபி73 என்னும் ஜீனைப் பாருங்கள். அதன் தலைவாசல் வழியே பிறக்கும் முழுப் புரதம், கெட்டுப்போன உயிரணுவை மடியச் செய்யவல்லது. உள்வாசல் வழியே பிறப்பதற்கோ தலைப்பகுதி இல்லை. அது முழுப் புரதத்தின் வேலையையே தடுத்து நிற்கும். வீடு ஒன்றுதான். ஆனால், ‘இந்த ஜீன் எவ்வளவு வேலை செய்கிறது’ என்று மொத்தக் கணக்கு மட்டும் எடுத்தால், காவலனையும் கள்வனையும் சேர்த்து எண்ணியதாகிவிடும் அல்லவா?

அந்த ஆராய்ச்சியாளர் 18,468 மாதிரிகளில் வாசல்வாரியாகக் கணக்கெடுத்தனர். வாசல்கள் தனித்தனியே இயங்கும் ஜீன்களில், நோயாளி எவ்வளவு காலம் வாழ்வார் என்பதை மொத்தக் கணக்கைவிட வாசல் கணக்கே துல்லியமாகக் காட்டிற்று.

இதைப் பெரியம்மாவுக்கு ஒருவாறு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்கள்.

“அப்ப எனக்கு எந்த வாசல் தொறந்திருக்கு?”

பல்லாயிரம் பேரை ஒருங்கே வைத்துப் பார்த்த கணக்கு அது. ஒருவருக்கு நாள் குறிக்க உதவாது என்றேன். சொல்லும்போதே என் குரல் இறங்கிவிட்டது.

“சோசியக்காரன் எம்பது வயசுன்னு அடிச்சுச் சொன்னான். நீ இம்புட்டுப் படிச்சும் சொல்ல மாட்டங்கே” என்று சிரித்தார்கள். பிறகு, “சரி, காலைல ஆறரைக்கே கெளம்பணும். டாக்ஸிக்குச் சில்லற எடுத்து வச்சிட்டுப் படு” என்றார்கள்.