வழுவமைதி

மாலை ஆறு மணியளவில் பட்டாசு ஆலைப் பேருந்துகள் ஒவ்வொன்றாய் ஊர் திரும்பும். இறங்குவோரின் விரல்களில் அலுமினியத் தூளின் வெள்ளி நிறம் ஒட்டியிருக்கும். தூக்குச்சட்டியோடு அவரவர் வீடு நோக்கி நடப்பர். சிவகாசிக்கும் சாத்தூருக்கும் இடைப்பட்ட நமது பங்குத்தளத்தில், அந்த வேளையில்தான் ஓராண்டாகப் பங்கு இல்லத் திண்ணையில் ஓர் ஆங்கில இலக்கண வகுப்பு நடந்து வந்தது. ஆசிரியர் நாம், மாணவி ஒருத்தி மட்டுமே. பகலில் அச்சகத்தில் தாள் மடிப்பாள். இரவில் தாயோடு அமர்ந்து வெடிக்கான காகிதக்குழாய் சுற்றுவாள். இடையில் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் வங்கி எழுத்தர் தேர்வுக்குப் படிப்பாள்.

இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் ஆங்கிலத்தில் தடுக்கி விழுந்தவள். முதல்நிலைத் தேர்வில் அப்பகுதிக்கு 30 வினாக்கள், 20 நிமிடங்கள். தவறான விடை ஒவ்வொன்றுக்கும் கால் மதிப்பெண் கழியும். 2021-இல் நடுவண் அரசு எடுத்த முடிவால் எழுத்தர் தேர்வின் மற்றப் பகுதிகளைத் தமிழில் எழுத வழி பிறந்தது. ஆங்கிலப் பகுதியோ ஆங்கிலமாகவே நிற்கிறது.

அவளை அச்சுறுத்தியவை பிழை காணும் வினாக்கள். ஒரு வாக்கியத்தை நான்கு துண்டாக்கி, எத்துண்டில் பிழை என்று கேட்பார்கள். ஐந்தாவது விடை, 'பிழை இல்லை' என்பது. இன்னொரு வகையில், கோடிட்ட பகுதிக்கு மாற்றுத் தொடர்களைத் தந்து பொருத்தமானதைத் தெரிவு செய்யச் சொல்வார்கள். மேலாண்மைக் கல்விக்காக உலகெங்கும் எழுதப்படும் ஜிமேட் தேர்விலும் இவ்வகை வினா நெடுங்காலம் இருந்தது. 2023-இல் வந்த புதிய வடிவத்தில் அதை நீக்கிவிட்டார்கள். நம் நாட்டுத் தேர்வுகளில் அது நீங்கவில்லை.

"வாசித்துப் பார்ப்பேன், ஃபாதர். காதுக்கு நெருடினால் பிழை என்று குறிப்பேன்" என்றாள். ஆங்கிலம் புழங்கும் வீட்டில் வளர்ந்தோர்க்கு அம்முறை ஓரளவு போதும். நம் பிள்ளைகளின் காது தமிழ்க்காது. அது ஆங்கிலத்தைத் தமிழின் தாளத்தில்தான் கேட்கும்.

முதல் நாள் அவள் தவறவிட்ட வாக்கியம்: 'த பாக்ஸ் ஆஃப் கிராக்கர்ஸ் ஆர் ஹெவி'. பிழை இல்லை என்று குறித்திருந்தாள். 'கிராக்கர்ஸ்' பன்மை, அதனையடுத்து வரும் 'ஆர்' பன்மை, காது நிறைவடைந்துவிட்டது. "எது கனமாக இருக்கிறது, அம்மா? தமிழில் சொல்" என்றோம். "பட்டாசுகளின் பெட்டி" என்றாள். சொன்னவுடன் அவளுக்கே விளங்கிற்று. தமிழில் உடைமைச்சொல் முன்னே வந்து, எழுவாயாகிய பெட்டி பயனிலையின் அருகில் நிற்கிறது. ஆங்கிலத்திலோ பெட்டி முந்திக்கொள்ள, பட்டாசுகள் நடுவில் புகுந்து வினைச்சொல்லைத் தம் பக்கம் இழுத்துக்கொள்கின்றன. ஆகவே முதலில் வினையைத் தேடு. 'யார், எது' என்று அதனிடம் கேள். இடையில் வந்த சொற்களைப் பென்சிலால் அடைத்துவிடு. இதுவே எமது முதல் விதியாயிற்று.

பிழைகளுக்கு வேர் உண்டு என்பதையும் நாளடைவில் கண்டோம். நாம் பேசும்போது 'மாடுகள் மேயுது' என்கிறோம். அஃறிணைப் பன்மைக்கு ஒருமை வினை நம் நாவில் இயல்பு. அந்தப் பழக்கம் ஆங்கிலத்துக்குள்ளும் உடன் வருகிறது. இதை அறிந்தபின் தன்னை அறிவிலி என்று அவள் சொல்லிக்கொள்வது நின்றது. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் நம் மொழியைக் கற்று, 1730-இல் தொன்னூல் விளக்கம் என்ற ஐந்திலக்கண நூலையே எழுதினார். அயல்மொழி விதிகளால் வசப்படும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆனால் ஒரு முட்டுக்கட்டை மட்டும் நீங்கவில்லை. 'பிழை இல்லை' என்ற விடையைக் குறிக்க அவள் அஞ்சினாள். எழுவாய் பொருந்தும், காலம் பொருந்தும், முன்னிடைச்சொல் பொருந்தும். இருந்தும் எங்கோ ஒரு குற்றம் ஒளிந்திருப்பதாகவே ஐயுற்று, நல்ல வாக்கியத்தைக் கெடுப்பாள். 'குற்றம் காணவே வாசிக்கிறாய். பொருள் காண வாசி' என்று கடிந்துகொண்டோம். அந்தக் கடிந்துரை நமக்கே திரும்பி வரும் என்று அப்போது எண்ணவில்லை.

ஒரு நாள் காலம் பற்றிய வினா வந்தது. 'மை ஃபாதர் இஸ் ஒர்க்கிங் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்.' பத்தாண்டுகளாக வேலை செய்கிறார் எனத் தமிழில் நிகழ்காலமே போதும். ஆங்கிலமோ, முன்பு தொடங்கி இன்றும் தொடர்வதற்குத் தனி வடிவம் வைத்திருக்கிறது. 'ஹேஸ் பீன் ஒர்க்கிங்' என்று தயக்கமின்றித் திருத்தினாள். பின் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"ஃபாதர், அன்றைக்கு நான் எழுதியது பிழைதானா?"

எது என்று கேட்கவேண்டிய தேவை நமக்கு இருக்கவில்லை. அவள் தந்தை மருந்துக் கலவை அறையில் நேர்ந்த விபத்தில் இறந்தவர். முதலாண்டு நினைவுத் திருப்பலிக்கு விசுவாசிகள் மன்றாட்டை அவளே எழுதிவந்தாள். 'எங்களுக்காக உழைக்கிற எங்கள் தந்தைக்காக' என்றிருந்தது. திருப்பலிக்குச் சற்று முன்னர், சிவப்பு மையால் 'உழைக்கிற' என்பதை அடித்து 'உழைத்த' என்று எழுதிக் கொடுத்தோம். வாசிக்கையில் அச்சொல்லருகே வந்ததும் அவள் நின்றாள். கோவில் முழுதும் காத்திருந்தது. பிறகு நமது திருத்தத்தையே வாசித்தாள். அதை நாம் கவனித்தோம், ஆனால் பொருட்படுத்தவில்லை.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. பழைய நன்னூலை எடுத்துப் புரட்டினோம். பவணந்தியார் வாக்கியத்தை இரண்டாகப் பிரித்து நிறுத்தவில்லை. வழு, வழாநிலை என்பவற்றோடு வழுவமைதி என்ற மூன்றாவதும் உண்டு: விதிப்படி வழுவாயினும், தக்க காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது. உவப்பினால் பசுவை 'என் அம்மை வந்தாள்' என்று உயர்திணையாக்கலாம். உயர்வு கருதி ஒருவரைப் பலராகச் சொல்லலாம்; ஒருவராயிருந்தே 'நாம்' என்று இக்கட்டுரையை எழுதுவதும் அவ்வகையே. காலமும் அப்படித்தான். விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகிய நான்கு காரணங்களால், ஏற்ற இடத்தில் முக்காலமும் மாறி வரலாம். எறும்பு முட்டையோடு மேட்டில் ஏறக் கண்டவர், மேகம் திரளுமுன்னரே 'மழை பெய்தது' என்பார் என்று உரைகாரர் காட்டுவர். அது தெளிவு.

குருமடத்தில் நான்காண்டுகள் இறையியல் பயின்ற நமக்கு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. உயிர்த்தெழுதலை மறுத்தோரிடம் இயேசு எடுத்துக்காட்டியது, மோசேயிடம் இறைவன் கூறிய ஒரு நிகழ்கால வாக்கியம். ஆபிரகாமின் கடவுளாக 'இருந்தேன்' என்று இறைவன் சொல்லவில்லை. ஆகவே அவர் வாழ்வோரின் கடவுள் என்றார். இந்தப் பகுதியைப் பலமுறை மறையுரையில் விளக்கிய நாம், அடக்கச் சடங்கில் அதை நம்பச் சொன்ன நாம், ஒரு மகள் அதை நம்பி எழுதிய சொல்லைச் சிவப்பு மையால் அடித்திருக்கிறோம்.

மறுநாள் அவளிடம் சொன்னோம்: "தேர்வுத்தாளில் வழுவமைதிக்கு இடமில்லை, மகளே. அங்கே விதிப்படியே குறி. நீ எழுதிய மன்றாட்டில் பிழை இல்லை. பிழை நம்முடையது. மன்னித்துக்கொள்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. புத்தகத்தைத் திறந்து அடுத்த வினாவை வாசித்தாள். எழுவாய், வினை, காலம் என்று விரல் வைத்துச் சோதித்தாள். பின் ஐந்தாவது விடையைக் குறித்தாள். அது சரியான விடை.

மூன்றாம் முறையும் தேர்வு எழுதிவிட்டாள். முடிவு வரவேண்டும். இரண்டு வினாக்களுக்கு அஞ்சாமல் 'பிழை இல்லை' குறித்ததாகச் சொன்னாள். இடையில் தந்தையின் இரண்டாம் ஆண்டு நினைவு வந்தது. மன்றாட்டுத் தாளைத் தாயும் மகளுமாகக் கொண்டுவந்தார்கள். "சரியா இருக்கா, சாமி?" என்று தாய் கேட்டார். சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுக்காமலே வாசித்தோம். 'உழைக்கிற' என்றே இருந்தது. தாளை அவர்களிடமே திருப்பிக் கொடுத்தோம்.