நிமிர்த்திய கார்

நாவலப்பிட்டி ஆசிரியர் ஒருவர், தாயாரைக் கிழமைதோறும் கண்டி வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லப் பழைய கார் ஒன்றைத் தேடினார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் ஏறிய விலை, 2025இல் தடை தளர்ந்த பின்னும் அவர் கைக்கு எட்டவில்லை. எட்டியது ஒன்றே, அது முன்பு மோதுண்டு திருத்தப்பெற்றது. விற்பவர் அதனை மறைக்கவில்லை. அவ்வளவில் அவர் நல்லவரே.

கராஜ்காரர் வர்ணத்தைப் பார்க்கவில்லை. "வர்ணம் எதையும் மூடும், சேர்" என்றார். பொனட்டின் இருபக்க இடைவெளிகளை விரலால் அளந்தார். டயர்களின் தேய்வை ஒப்பிட்டார். பின்பு அடியிற் படுத்தார். கதவோ மட்கார்டோ நசுங்கினால் மாற்றிவிடலாம். ஆனால் இக்காலக் கார்கள் பெரும்பாலானவற்றுக்குத் தனிச் சட்டகம் இல்லை, உடலே சட்டகம். முன்புறத்து நீள்விட்டங்கள், தாம் மடிந்து மோதலின் வேகத்தை வாங்கிக்கொள்ளும்படி அமைக்கப்பட்டவை. ஒருமுறை மடிந்ததை நிமிர்த்தி ஒட்டினால், மறுமுறை அது எவ்வாறு மடியும் என யார் கூறுவர்?

இடப்பக்க விட்டத்தில் காய்ச்சி ஒட்டிய தழும்பு இருந்தது.

"ஓடும், சேர். முட்டாதவரைக்கும் நல்ல கார்தான்."

இடப்பக்க முன்னிருக்கை தாயாருடையது. கம்பளைப் பாதையின் வளைவுகளும் மழையும் ஆசிரியர் மனத்தில் எழுந்தன. முற்பணத்தை மீண்டும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த கிழமையும் தாயும் மகனும் காலைப் பேருந்துக்கு நின்றனர். தாயார் காரைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.