பீரோவின் பூர்வீகம்

மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு மொழியாராய்ச்சி எதுக்கு என்று சிரிக்காதீர்கள். எங்கப்பா கருவடிக்குப்பத்தில் பீரோ பட்டறைத் தொழிலாளி. தகடு வெட்டி, மடித்து, ஸ்பாட் வெல்டிங் அடித்து, பெயிண்ட் காய்ந்து வெளியே போகிற அந்தப் பொருளுக்கு வைத்த பேர் பிரெஞ்சுச் சொல். புதுச்சேரிக்காரர்களுக்கு மட்டும் வந்த சொல் என்று எண்ண வேண்டாம்; சென்னையிலும் மதுரையிலும் அதே பீரோதான்.

1827-ல் தொடங்கிய நம்ம ரோமன் ரோலண்ட் நூலகத்தில் உட்கார்ந்து தேடினேன். பழைய பிரெஞ்சில் 'புரெல்' என்றால் முரட்டுக் கம்பளித் துணி. ஏழைகளும் துறவிகளும் உடுத்தியது. கணக்கு எழுதும் மேசைமேல் அதை விரித்தார்கள். துணியின் பேர் மேசைக்கு வந்தது. மேசையின் பேர் அது கிடந்த அறைக்குப் போய், கடைசியில் அலுவலகத்துக்கே பேராகிவிட்டது. சி.பி.ஐ.யின் நடு எழுத்தும் நம் வீட்டு பீரோவும் ஒரே சொல் என்றால் நம்புவீர்களா?

18-ஆம் நூற்றாண்டில் குர்னே என்ற பிரெஞ்சுப் பொருளியலாளர் இதோடு ஆட்சி என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லை ஒட்டி 'பியூரோக்ரசி' என்று கேலியாகச் சொன்னார். மேசையின் ஆட்சி! ஸ்காலர்ஷிப் பாரத்தோடு ஓர் அலுவலகத்தில் மூணு நாள் மேசை மேசையாக அலைந்த எனக்கு, அந்த மனுஷர் பக்கத்து கியூவில் நின்றிருப்பாரோ என்று தோணிச்சு.

இன்னும் அடியில் லத்தீன் 'புர்ரா', சடை பிடித்த கம்பளி மயிர். அதற்கும் அடியில் கிரேக்கத்தில் நெருப்பைக் குறிக்கும் 'பூர்' இருப்பதாகச் சொல்லும் அறிஞர்கள் உண்டு. நெருப்பு நிறக் கம்பளியாம். வெல்டிங் பொறி பட்டு ஓட்டையான சட்டைகள் கொடியில் காயும் வீட்டுப் பிள்ளைக்கு இது பிடிக்காமல் போகுமா? (பீரோவின் பங்காளி அலமாரி போர்ச்சுகீசியர் கொடுத்தது. அதன் லத்தீன் மூலம் ஆயுதங்களும் கருவிகளும் வைக்கும் இடம்.)

இழுப்பறை வைத்த மேசைக்கும் அந்தப் பேர் போயிற்று. நம்மிடம் அது இரும்பாகி நிற்கிறது. ஊருக்கெல்லாம் பீரோ செய்த அப்பா, நான் டிப்ளமோ சேர்ந்த வருஷம்தான் கதவு நெளிந்த ஒன்றை அசல் விலைக்கு வாங்கி வந்தார். அதுவரைக்கும் டிரங்குப் பெட்டிதான். கம்பளிக் கதையை அவரிடம் சொன்னேன்.

"துணியோட பேரையா இரும்புக்கு வச்சிருக்கானுங்க?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "உன் மார்க் ஷீட்டை லாக்கர்ல வச்சுப் பூட்டு" என்றார்.