எண்ணெய்ப் பம்பும் கடைசி வீட்டு விளக்கும்

கேமரன் மலையில் வண்டி என்று சொன்னால் லேண்ட் ரோவர் என்றே பொருள். கோசு மூட்டைகளைச் சுமந்துகொண்டு சேற்றிலும் மேட்டிலும் ஊர்ந்து செல்லும் அவ்வண்டிக்கு வேகம் ஒரு பொருட்டன்று. 1929-இல் ஜே. ஏ. ரசல் போ தோட்டத்தைத் தொடங்கிய காலந்தொட்டு, தேயிலைக் கூடையோடு இம்மலையேறிய நம்மவர்களும் வேகத்தை நம்பி வாழ்ந்தவர்கள் அல்லர். ஆகவே, ஷா ஆலமில் வேலை பார்க்கும் என் அக்காள் மகன், பழைய புரோட்டோன் இஸ்வாரா ஒன்றில் டர்போ பொருத்திய 2,000 சி.சி. ஜப்பானிய எஞ்சினை ஏற்றிக்கொண்டு லயத்து வாசலில் வந்து நின்றபோது, சுற்றி நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்களேயன்றி வியக்கவில்லை.

நம் நாட்டு இளைஞர்களுக்கு இப்பித்து புதிதன்று. 2002-இல் கரம்ஜித் சிங் புரோட்டோன் காரை ஓட்டி, உற்பத்திக் கார்களுக்கான உலக ராலிப் பட்டத்தை வென்றபோது இவன் சிறுவன். எஞ்சின் மாற்றத்தைச் சாலைப் போக்குவரத்துத் துறையில் முறைப்படி பதிந்திருந்தான் என்பதைத் தாள்களைப் பார்த்த பின்னரே நான் வண்டியைத் தொட்டேன்.

"மாமா, மேட்டுல மூணாவது கியர்ல அழுத்தி மிதிச்சா இருமுது. ரெண்டாவது பம்பு போட்டும் நிக்கல," என்றான்.

அவன் சொன்ன இருமலில் ஓர் எஞ்சினின் சாவு இருக்கிறது. கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடும். சாதாரண எஞ்சின் அதற்கேற்பச் சோர்ந்து போகும். டர்போ எஞ்சினோ காற்றை அமுக்கித் திணித்து அக்குறையைப் பெருமளவு ஈடுகட்டிக்கொள்கிறது. காற்று கூடினால் பெட்ரோலும் கூடவேண்டும். இங்கேதான் சங்கடம். டர்போவின் அழுத்தம் ஏற ஏற, பெட்ரோலை உட்செலுத்தும் அழுத்தத்தையும் ஏற்றியாக வேண்டும். 3 பார் என்றிருந்தது 4 பார் ஆகும். எதிர்அழுத்தம் கூடினால் எந்தப் பம்பும் முன்னளவு தள்ளாது. எஞ்சின் மிகுதியாகக் கேட்கும் அதே கணத்தில் பம்பு குறைவாகக் கொடுக்கிறது. பெட்ரோல் குறைந்த கலவை அளவுக்கு மீறிச் சூடேறும். பிஸ்டனின் தலை உருகித் துளை விழும். கொண்டை ஊசி வளைவில், பின்னால் காய்கறி லாரி வரும்போது அது நிகழ்ந்தால் என்ன ஆகும் என்பதை இச்சாலையில் போனவர் அறிவர்.

இரண்டாவது பம்பைச் சமவெளியில் ஒரு பட்டறையில் பொருத்தியிருந்தார்கள். தொட்டிக்குள் பழைய பம்பின் பக்கத்திலேயே அமர்த்தியிருந்த வேலையில் குறையில்லை. (பெட்ரோலுக்குள் மின்மோட்டாரா என்று அஞ்சுவோர் உண்டு. மூழ்கிய இடத்தில் காற்று இல்லை. காற்றின்றித் தீ பிடிக்காது.) மின்கம்பியைப் பார்த்தபோதுதான் என் முகம் மாறியது. சாவிச் சுவிட்சிலிருந்து மெல்லிய கம்பி ஒன்றை இழுத்து, இரண்டு பம்புகளுக்கும் அதையே பங்கிட்டிருந்தார்கள். மீட்டரை வைத்தேன். பேட்டரியில் 13.8 வோல்ட், பம்பின் முனையில் 11.

அந்த எண்ணைக் கண்டதும் எனக்கு எங்கள் பழைய லயம் நினைவுக்கு வந்தது. அந்நாளில் எங்களுக்குத் தோட்டத்து ஜெனரேட்டர்தான். மாலை ஆறுக்கு வரும், இரவு பத்துக்குப் போகும். 1963-இல் ரிங்லட்டில் அணை கட்டி, மலையைக் குடைந்து நீரை இறக்கி மின்சாரம் எடுத்தார்கள். அது எங்கள் லயத்துக்கு வந்து சேர வெகுகாலம் ஆயிற்று. ஜெனரேட்டருக்கு அருகிலிருந்த முதல் வீட்டில் விளக்கு வெள்ளையாக எரியும். கடைசி வீடாகிய எங்கள் வீட்டில் அதே விளக்கு முற்றிய இலைபோல் மஞ்சளித்துக் கிடக்கும். அதன் கீழேதான் அக்காள் படித்தாள். படித்து முடியாமல் கொழுந்து பறிக்கவும் போனாள். விளக்கில் குற்றமில்லை, கம்பியில் குற்றம் என்பதைப் பின்னாளில் தொழிற்சாலையில் வயர்மேனாக வேலை கற்றபோது அறிந்துகொண்டேன்.

கணக்கு எளியது. ஒரு சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில், ஐந்து மீட்டர் தொலைவுக்கு 15 ஆம்பியர் ஓடினால், போகும் வழியில் மட்டும் 1.3 வோல்ட் கரைந்துவிடும். நான்கு சதுர மில்லிமீட்டர் கம்பியாயின் 0.3 வோல்ட்தான். இவ்வளவு சிறிய செலவை மிச்சம் பிடித்து, விலையுயர்ந்த இரண்டாவது பம்பைக் கடைசி வீட்டு விளக்காக்கியிருந்தார்கள்.

வோல்ட் குறைவு எஞ்சினைத்தான் கொல்லும். சாவிச் சுவிட்சிலிருந்து நேராக மின்சாரம் எடுத்தது ஆளையே கொல்லக்கூடியது. மோதி எஞ்சின் நின்றாலும், சாவி திறந்திருக்கும்வரை பம்பு ஓடும். குழாய் அறுந்திருந்தால் சூடான இரும்பின்மேல் பெட்ரோலைப் பொழிந்துகொண்டே இருக்கும். சாலையோரத்தில் எரிந்து கிடந்த கார் ஒன்றை அக்காள் முன்பு பேருந்திலிருந்து பார்த்திருக்கிறாள். மகன் வீடு வந்து சேரும்வரை அவள் உறங்குவதில்லை.

எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கினோம். பேட்டரியிலிருந்து இரண்டு தடித்த கம்பிகள். பேட்டரிக்கு ஒரு சாண் தொலைவுக்குள்ளேயே ஒவ்வொன்றுக்கும் தனிப் பியூஸ். வழியில் கம்பி உரசி எர்த் ஆனால் அங்கேயே அறுந்துவிட வேண்டும். ஒவ்வொரு பம்புக்கும் தனி ரிலே, தனி எர்த். ஓய்ந்திருக்கும் பம்பின் வழியே பெட்ரோல் திரும்பாதிருக்க ஒருவழி வால்வுகள். எஞ்சினை ஆளும் கணினி முதற்பம்புக்கு விடும் பழைய கம்பியை ரிலேக்களுக்கு ஆணையிடும் கம்பியாக மட்டும் வைத்துக்கொண்டோம். எஞ்சின் சுற்றுவது நின்றால் கணினி அவ்வாணையை நிறுத்தும். இரண்டு பம்புகளும் ஒருசேர அடங்கும். இரண்டாவது ரிலேயின் எர்த் மட்டும் காற்றழுத்தச் சுவிட்சு ஒன்றின் வழியே போகிறது. டர்போ 5 பி.எஸ்.ஐ. எட்டினால்தான் அது இணையும். இரண்டையும் எப்போதும் ஓடவிட்டால் பெட்ரோல் சுற்றிச் சுற்றி வந்து சூடேறும் என்பதால் இந்த ஏற்பாடு.

ஆனால் இதிலும் ஓர் ஆபத்து உண்டு. தூங்கும் பம்பு செத்துப்போனால் தேவைப்படும் கணம்வரை தெரியாது. "விளக்கு ஒண்ணு போட்டுடலாம் மாமா," என்றான் பையன். விளக்கு மின்சாரம் போகிறது என்று மட்டுமே சொல்லும். பெட்ரோல் போகிறதா என்று அதற்குத் தெரியாது. பெட்ரோல் அழுத்தமானி ஒன்றையும் அவனை வாங்க வைத்தேன்.

மறுநாள் ரிங்லட்டுக்கு மேல் ஏறும்போது மூன்றாவது கியரில் விளக்கு எரிந்தது, அழுத்தமானி சரியவில்லை, மீட்டரில் 13.4. இருமல் இல்லை. இன்னும் மிதிக்கட்டுமா என்று கேட்டான். போதும் என்றேன்.

அக்காளுக்கு இவ்வெண்களால் பயனில்லை. லயத்து வாசலில் காற்றழுத்தச் சுவிட்சின் இரு முனைகளையும் தற்காலிகமாக இணைத்து, இரண்டு பம்புகளையும் ஓடவிட்டு, பின்னிருக்கையில் அவளை உட்கார வைத்தோம். பையன் பிரேக்கை மிதித்தபடி கிளட்சை விட்டு எஞ்சினைச் சாகடித்தான். சாவி திறந்தபடியே இருந்தது. இருக்கைக்கு அடியில் இரைச்சல் ஓரிரு நொடியில் அடங்கியது. அவள் காதை இருக்கையில் வைத்துக் கேட்டாள்; இன்னொரு முறை செய்யச் சொன்னாள். மூன்றாம் முறைக்குப் பின் இறங்கி, பையனுக்குச் சோறு போட உள்ளே போனாள்.