புகாராவிலிருந்து கர்தங்க் வரை

ரஜப் மாதம் பிறந்துவிட்டால் எங்கள் காயல்பட்டினத்தில் 'புகாரி ஷரீஃப்' என்னும் சொல் இல்லந்தோறும் ஒலிக்கத் தொடங்கிவிடும். மாதம் முழுவதும் மஜ்லிஸ் நடைபெறும், ஹதீஸ்கள் ஓதப்படும், ஆலிம்கள் விளக்கவுரை நிகழ்த்துவார்கள். உம்மா அவர்கள் அடுப்பங்கரை வேலைகளை விடியலிலேயே முடித்துவிட்டு, தலையில் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு உரை கேட்க அமர்ந்துவிடுவார்கள். சிறுவனாயிருந்த எனக்கு அந்நாளில் புகாரி என்பது ஒரு நூலின் பெயர், அவ்வளவே. அது ஓர் ஊரைக் குறிக்கும் சொல் என்பதை எனக்குச் சொல்லித் தந்தவர்களும் உம்மாதாம். "அந்த ஊரை நீயாவது பார்த்துவிட்டு வா, வாப்பா" என்று பலமுறை கூறியிருக்கிறார்கள்.

2018ஆம் ஆண்டு அக்டோபரில் அல்லாஹ் அந்த வாய்ப்பை அளித்தான். ஆனால் பார்த்து வந்து சொல்வதற்கு உம்மா இல்லை. அவர்கள் 2014இல் மறைந்துவிட்டார்கள்.

இன்னொன்றையும் வெட்கத்தோடு இங்கே சொல்லிவிடவேண்டும். அப்பயணம் புறப்பட்டபோது நான் என் காக்காவோடு பேசி ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. வாப்பாவுக்குப்பின் நாங்கள் இருவரும் கூட்டாகக் கல் வியாபாரம் செய்துவந்தோம். 2009இல் கொழும்பில் காக்கா விற்ற ஒரு நீலக்கல்லுக்கு, எனக்குச் சொன்ன விலையைவிட அதிகமாகப் பெற்றார் என்று கடைத்தெருவில் ஒருவர் என் காதில் போட்டார். நான் நம்பினேன். உறவினர் நால்வரிடம் சொன்னேன். கணக்கைப் பிரித்தேன். காக்கா ஒன்றும் பேசவில்லை. உம்மா மட்டும் என்னிடம், "காக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டாயா, வாப்பா?" என்றார்கள். நான் பதில் சொல்லாமல் எழுந்து சென்றுவிட்டேன்.

புகாராவில்

டெல்லியிலிருந்து விமானத்தில் ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் தாஷ்கண்டை அடைந்து, அங்கிருந்து ரயிலில் புகாரா சென்றோம். நாங்கள் பதினான்கு பேர். எங்களுடன் ஒரு மௌலவியும் வந்திருந்தார்கள். புகாராவிலிருந்து தரைவழியாகவே ஸமர்கந்த் சென்று, மலைக் கணவாய் வழியாகத் தாஷ்கண்ட் திரும்புவது எங்கள் திட்டம். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தம் இறுதிப் பயணத்தில் சென்ற திசையும் அதுவே.

சீனத்தையும் மேற்கு நாடுகளையும் இணைத்த பட்டுப் பாதையின் நடுவில் அமைந்தது புகாரா. 1127இல் கட்டப்பட்ட கல்யான் மினாரா, ஏறத்தாழ 46 மீட்டர் உயரத்தில் இன்றும் நிற்கிறது. 1220இல் செங்கிஸ்கானின் படை இந்நகரைச் சூறையாடியபோதும் அது தப்பியது. பழைய கடைவீதிகள் சந்திக்கும் இடங்களில் குவிமாடங்கள் கவிந்துள்ளன. அவற்றுள் ஒன்று பொற்கொல்லருக்குரியது. மற்றொன்று நாணயம் மாற்றுவோருக்குரிய 'ஸர்ராஃபான்'. நம் பக்கத்தில் 'சராப்பு' என்கிறோமே, அதே சொல்தான்! பதக்ஷான் மலைகளின் செந்நிறக் கற்களும் நீலநிற லாஜவர்தும் இவ்வழியே விலைபேசப்பட்டுச் சென்றவை. கல் வியாபாரியான எனக்கு அந்நிழலில் நின்றபோது சொந்தக்காரர் வீட்டில் நிற்பது போலிருந்தது.

இந்நகரில்தான் 810ஆம் ஆண்டில் இமாம் அவர்கள் பிறந்தார்கள். இளமையிலேயே தந்தையை இழந்தார்கள். பதினாறு வயதளவில் தாயாருடனும் சகோதரருடனும் ஹஜ்ஜுக்குச் சென்றவர்கள், கல்விக்காக மக்காவிலேயே தங்கிவிட்டார்கள். பின்னர் மதீனா, பஸரா, கூஃபா, பக்தாத், ஷாம், எகிப்து, நைசாபூர் எனப் பயணம் தொடர்ந்தது. ஆறு லட்சம் அறிவிப்புகளை ஆராய்ந்து, பதினாறு ஆண்டுகள் உழைத்துத் தம் தொகுப்பை அமைத்தார்கள். திரும்ப வருபவற்றையும் சேர்த்து அதில் இடம்பெற்றவை ஏழாயிரத்துச் சொச்சமே. வணிகர்கள் பட்டும் காகிதமும் கொண்டுசென்ற அதே பாதைகளில், ஒரு சொல் உண்மையா என்று கேட்டறிவதற்காகவே ஒரு மனிதர் நடந்தார்!

பாலைவழிச் சத்திரம்

புகாராவிலிருந்து ஸமர்கந்த் ஏறத்தாழ 270 கிலோமீட்டர். ஒட்டகக் கூட்டங்களுக்கு ஒரு வாரப் பயணமான அத்தொலைவை நாங்கள் வேனில் ஒரே பகலில் கடந்தோம். பருத்தி வயல்கள் முடிந்து வறண்ட நிலம் தொடங்கிய இடத்தில், நவாயி நகருக்கு அருகில், ரபாத்தி மாலிக் என்னும் சத்திரத்தின் வாயில் நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கிறது. 11ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட மாளிகையில் செங்கல் வாயிலும் அடித்தளங்களுமே எஞ்சியுள்ளன. சாலைக்கு மறுபுறம் குவிமாடம் மூடிய பழைய நீர்த்தொட்டி ஒன்று. 2023இல் யுனெஸ்கோ தன் உலக மரபுப் பட்டியலில் சேர்த்த பட்டுப் பாதைச் சின்னங்களுள் இச்சத்திரமும் ஒன்று.

அவ்வாயிலின் நிழலில் அமர்ந்து தேநீர் அருந்துகையில், சிறுவயதில் கேட்ட ஒரு கதையை நான் சொன்னேன். ஒரு ஹதீஸைக் கேட்க இமாம் அவர்கள் நெடுந்தொலைவு சென்றார்களாம். அந்த மனிதரோ, தானியம் இருப்பதுபோல் வெறும் மடியைக் காட்டித் தம் குதிரையை அழைத்துக்கொண்டிருந்தாராம். "விலங்கை ஏமாற்றுபவரிடம் ஹதீஸ் கேட்கமாட்டேன்" என்று இமாம் திரும்பிவிட்டார்களாம்.

மௌலவி அவர்கள் புன்னகைத்தார்கள். "நல்ல கதை. ஆனால் இதற்கு உறுதியான ஸனதை நான் எந்த நூலிலும் கண்டதில்லை. இமாமைப் பற்றிய செய்தியை இமாமின் அளவுகோலாலேயே அளக்கவேண்டாமா?" என்றார்கள்.

பின்னர் அந்த அளவுகோலையும் விளக்கினார்கள். ஸனது என்பது அறிவிப்பாளர்களின் சங்கிலி. இன்னாரிடமிருந்து இன்னார் கேட்டார் என்று அது நபி (ஸல்) அவர்கள் வரை செல்லவேண்டும். ஒவ்வொரு கண்ணியும் நம்பத்தக்கவராகவும் நினைவாற்றல் உடையவராகவும் இருக்கவேண்டும். இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தவர்கள் என்பதுகூட இமாம் புகாரி (ரஹ்) அவர்களுக்குப் போதாது. இருவரும் சந்தித்தார்கள் என்பது உறுதிப்படவேண்டும்.

"சந்தித்தார்களா?" என்ற அச்சொல் என்னைத் தைத்தது. கொழும்பில் கல்லை வாங்கியவரைக் கடைத்தெரு மனிதர் சந்தித்தாரா? இல்லை, யாரோ சொன்னதாகத்தான் சொன்னார். அந்த யாரோ எவர்? நான் கேட்கவில்லை. ஒரே ஊரில் இருக்கும் காக்காவையாவது நான் சந்தித்துக் கேட்டேனா? அதுவும் இல்லை. அதன்பின் ஸமர்கந்த் வரை நான் யாரிடமும் பேசவில்லை.

கர்தங்கில்

ஸமர்கந்தில் ரெகிஸ்தான் சதுக்கத்தின் மூன்று மதரஸாக்களையும், 1018 விண்மீன்களைப் பட்டியலிட்ட உலூக் பேக்கின் வானாய்வுக் கூடத்தின் எச்சங்களையும் கண்டோம். ஆனால் என் மனம் அவற்றில் நிலைக்கவில்லை.

மறுநாள் காலை, நகருக்கு வடக்கே 25 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கர்தங்க் சென்றோம். இமாம் அவர்கள் அடங்கியிருக்கும் இடம் அது. 1998இல் எழுப்பப்பட்ட வளாகத்தை நாங்கள் கண்டோம். பின்னர் அங்குப் பெரிய அளவில் புதுப்பிக்கும் பணி மேற்கொள்ளப்பட்டது. முற்றத்தின் முதிய மரங்களின்கீழ் உஸ்பெக் முதியவர்கள் கையேந்தி அமர்ந்திருந்தனர். எங்களுக்கும் அவர்களுக்கும் பொதுமொழி ஸலாம் ஒன்றே. அதுவே போதுமானதாயிருந்தது.

இமாமின் இறுதி நாட்களை மௌலவி அவர்கள் அங்கே எடுத்துரைத்தார்கள். நைசாபூரில் ஒரு கருத்தை இமாம் மீது ஏற்றிப் பரப்பினார்கள். தாம் அவ்வாறு சொல்லவில்லை என்று அவர்கள் மறுத்தும் பலர் விலகிச் சென்றார்கள். சொந்த ஊரான புகாராவுக்குத் திரும்பினால், ஆளுநர் தம் மாளிகைக்கு வந்து பாடம் நடத்தும்படி கேட்டார். கல்வியைத் தேடி வரவேண்டியவர்கள் மக்களே என்று மறுத்ததால் ஊரை விட்டே வெளியேற நேர்ந்தது. உறவினரிடம் தங்கியிருந்த இச்சிற்றூரில், 870ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் இரவில் அவர்கள் மறைந்தார்கள்.

பிறர் சொல்லைச் சரிபார்ப்பதில் ஆயுளைச் செலவிட்ட மனிதர், சரிபார்க்கப்படாத சொல்லால் அலைக்கழிக்கப்பட்டார்! எனக்கு என் காக்காவின் மௌனமான முகம் நினைவுக்கு வந்தது. நின்றவாறே அழுதேன்.

திரும்பும் வழியில் ஜிஸ்ஸாக் அருகே மலைகள் நெருங்கி வந்து, ஆறும் இருப்புப் பாதையும் சாலையும் ஒரே இடுக்கில் நுழைகின்றன. தைமூரின் வாயில் என்பது அதன் பெயர். பாறையில் உலூக் பேக்கும் அப்துல்லாஹ் கானும் பொறித்த பாரசீக எழுத்துகள் உள்ளன. அரசர்கள் தங்கள் சொல்லைக் கல்லில் வெட்டிவிட்டுப் போனார்கள். என் சொல் காற்றில் போயிற்று; அதைத் திரும்பப் பெற வழியில்லை. சொன்ன இடங்களுக்கெல்லாம் நானே நடந்து செல்வது ஒன்றுதான் வழி என்று அங்கே முடிவு செய்தேன்.

ஒரே ஸஹனில்

ஊர் திரும்பிய மறுநாள் அஸருக்குப்பின் காக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் என்னை உள்ளே அழைத்தார். ஒன்பது ஆண்டுகளாகக் கேட்காத கேள்வியைக் கேட்டேன். பழைய கணக்கேட்டை எடுத்து விரித்தார். அந்தக் கல்லை வாங்கியவர், காக்காவிடம் முன்பு கைமாற்றாகப் பெற்ற தொகையையும் அன்றே சேர்த்துத் திருப்பித் தந்திருக்கிறார். இரண்டையும் கூட்டிப் பார்த்த எவரோ கதை கட்டிவிட்டார்.

"ஏன் காக்கா அன்றே சொல்லவில்லை?"

"நீ கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் தம்பி. கேட்காமலே நம்பியவனிடம் என்ன சொல்வது?"

நான் செய்தி சொன்ன நால்வரில் மூவரின் வீடுகளுக்குச் சென்று, நான் சொன்னது பொய் என்று கூறிவந்தேன். நான்காமவர் அதற்குள் மண்ணறைக்குச் சென்றிருந்தார். அவரிடம் நான் சொன்ன சொல் சொன்னபடியே நிற்கிறது.

அடுத்த ரஜபில், 2019இல், மஜ்லிஸுக்குக் காக்காவோடு சென்றேன். என் மகளின் நிக்காஹ் விருந்தில் இருவரும் ஒரே ஸஹனில் அமர்ந்து உண்டோம். இறைச்சித் துண்டை அவர் என் பக்கம் தள்ளி வைத்தார், சிறுவயதில் செய்தது போலவே. அதைக் காண உம்மா இல்லை. அவர்கள் கேட்ட கேள்விக்கு விடை தேடி நான் ஸமர்கந்த் வரை போய்வரவேண்டியிருந்தது. காக்காவின் வீடோ இரண்டு தெரு தள்ளி இருந்தது.